ஸ்டாக்ஹோம் டெத் மெட்டலின் ரம்ப ஓசை: பெடல் முதலா, பங்க் முதலா?

கோடைக்காது:
கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் (டிஸ்டார்ஷன்) பாஸ் கம்பெனியின் எச்எம்-2 பெடலில் எல்லா நாப்பையும் வலது கடைசி வரை திருகினால், என்டூம்ட், டிஸ்மெம்பர் போன்ற ஸ்வீடன் டெத் மெட்டல் குழுக்களின் சத்தம் தானாக வந்துவிடும் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். திருகினால் வருவது ரம்பம் இல்லை, தகர டப்பாவுக்குள் தேனீ சிக்கின சத்தம். பெடலில் கோளாறா, காதில் கோளாறா? கூடவே இன்னொன்று: இந்த ஸ்டாக்ஹோம் பாணியே அந்தப் பெடலில் இருந்துதான் பிறந்ததா?

ஈயப்பற்று:
பெடலில் இருந்து வர்றதை எதுல கேக்குறீங்க? நேரா ஆடியோ இன்டர்ஃபேஸ்ல செருகிக் கேட்டா தேனீதான் வரும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தானே அமுக்கிடும். அந்த அமுக்கல் இல்லாட்டி டிஸ்டார்ஷனோட மேல் அலைகள் மொத்தமும் காதுக்கு வந்து சேருது. நிஜ கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) வையுங்க. இல்லேன்னா சாஃப்ட்வேர்ல கேபினட் இம்பல்ஸ் (அந்தப் பெட்டியோட ஒலியைப் போலி செய்ற ஃபைல்) ஒண்ணு போடுங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மீதிப் பாதி ஆம்ப்ல இருக்கு. எச்எம்-2 பின்னாடி ஏற்கெனவே கெயின் ஏத்தின சேனல் இருந்தா கூழ்தான் கிடைக்கும். ஆம்பை சுத்தமான சேனல்ல வையுங்க, பேஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்க, மிட்ஸை ஏத்துங்க. கீழ்ச்சத்தத்தைப் பெடலே அள்ளிக் கொட்டுது, ஆம்பும் கொட்டினா ஸ்பீக்கர் கோன் தடதடக்கிறதுதான் மிச்சம்.

பெடலுக்குள்ள நடக்கிறது இதுதான். வெளியே மூணு தண்டு, கட்டுப்பாடு நாலு: லெவல், டிஸ்டார்ஷன், நடுவுல ஒண்ணு மேல ஒண்ணா ஏறின கலர் மிக்ஸ் இரட்டை நாப். அதுல கீழ்ச்சத்த நாப் 87 ஹெர்ட்ஸ் பக்கத்துல தூக்குது. மேல்ச்சத்த நாப் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல தூக்குது: சுமார் 960-லயும் 1280-லயும். ரெண்டையும் முழுசாத் திறந்தா 200-க்கும் 500-க்கும் நடுவுல பள்ளம் விழும். 1 கிலோஹெர்ட்ஸைச் சுத்தி எழும்புற அந்தக் கூம்புதான் ரம்பம். சாதாரண டிஸ்டார்ஷன் பெடல்ல ட்ரெபிளை ஏத்தி இதைக் கொண்டுவர முடியாது. ட்ரெபிள் நாப் தொடுற இடமே வேற.

பழையகேசட்:
தொழில்நுட்பம் சரி. ஆனால் கோடைக்காதின் இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று யாராவது சொல்லிவிடும் முன் குறுக்கிடுகிறேன்.

எச்எம்-2 1983-ல் சந்தைக்கு வந்தது. மார்ஷல் ஆம்ப் அடுக்கின் சத்தத்தை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைப்பதுதான் அன்றைய நோக்கம். பிங்க் ஃபிளாய்டின் கிட்டார்காரர் டேவிட் கில்மர்கூட எண்பதுகளின் நடுவில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். கில்மர் கையில் இருந்த அதே பெட்டி ஸ்டாக்ஹோம் புறநகர்ப் பையன்கள் கையில் ரம்பமாக மாறியதென்றால், மாற்றியது பெட்டி அல்ல, அதற்குள் போன இசை.

அந்த இசைக்கு இரண்டு தாய்கள். ஒன்று எல்லோரும் சொல்லும் அமெரிக்க டெத் மெட்டல்: 1985-ல் பொஸஸ்ட் குழுவின் முதல் ஆல்பம், 1987-ல் டெத் என்ற குழுவின் முதல் ஆல்பம். இரண்டாவது, மெட்டல் ரசிகர்கள் சொல்லக் கூச்சப்படும் பங்க். இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் இருந்து வந்த டிஸ்சார்ஜ் குழுவை ஸ்வீடன் பிடித்துக்கொண்ட அளவுக்கு வேறெந்த நாடும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆன்டி சிமெக்ஸ், மாப் 47 போன்ற ஸ்வீடன் பங்க் குழுக்கள் 1983, 84-லேயே டிஸ்சார்ஜின் அந்தத் தாளத்தை, அதாவது டி-பீட்டை, ஸ்வீடன் சொத்தாக்கிவிட்டார்கள். நான்கு வருடம் கழித்து டெத் மெட்டல் வாசிக்க உட்கார்ந்தவர்களின் காலுக்கு அது ஏற்கெனவே பழகிய தாளம்.

மணல்மேடை:
இதெல்லாம் பின்னாடி உக்காந்து எழுதுற வரலாறு. ஃபுளோரிடா இல்லாம ஸ்டாக்ஹோம் ஏது? மாரிசவுண்ட் ஸ்டுடியோவுல பதிவானதைக் கேட்டுட்டுத்தான் இவங்க ஆரம்பிச்சாங்க. ஆர்டர் மாத்தாதீங்க.

பழையகேசட்:
ஆர்டரை ஆண்டு வைத்தே பார்ப்போமே. பிறகு என்டூம்ட் ஆன நைஹிலிஸ்ட் குழு தொடங்கியது 1987. முதல் டெமோ (மாதிரிப் பதிவு) 1988. மாரிசவுண்டின் பெயரை ஊரறியச் செய்த மார்பிட் ஏஞ்சலின் முதல் ஆல்பம் வந்தது 1989. அதற்குள் ஸ்டாக்ஹோம் சத்தத்துக்கு உருவம் வந்தாகிவிட்டது. 'அமெரிக்கா' என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். 'ஃபுளோரிடா' என்று குறுக்கினால் இல்லை. ஸ்டாக்ஹோம்காரர்கள் அதிகம் உறிஞ்சியது வேறு இரண்டு இடங்களில் இருந்து.

முதலாவது, மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட்டின் ரிபல்ஷன். 1986-ல் பதிவு செய்தது 1989-ல்தான் ஆல்பமாக வந்தது. நடுவில் மூன்று வருடம் கேசட்டிலேயே உலகம் சுற்றியது. அதில் பேஸ் கிட்டாரே உறுமிக்கொண்டு முன்னால் நிற்கும். இரண்டாவது, கலிபோர்னியாவின் ஆட்டாப்ஸி. டெத் குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் ரீஃபர்ட் தனியே வந்து தொடங்கியது. வேகத்தின் நடுவே சட்டென்று சேற்றில் கால் புதைவது போல் தாளத்தை இறக்கும் வேலை அங்கிருந்து வந்தது.

ஃபுளோரிடா பாணியில் கையடி துல்லியம்: பிரிட்ஜ் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிய ரிஃப், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும் கிக் டிரம். ஸ்டாக்ஹோமில் கம்பி பெரும்பாலும் திறந்தே இருக்கும். பிக் மேலும் கீழும் ஓயாமல் இழைத்துக்கொண்டே போகும். எச்எம்-2-வுக்கு இந்த வாசிப்புதான் தீனி. கையை அமுக்கித் துண்டு துண்டாக வாசித்தால் அந்தப் பெடல் 'பொத் பொத்' என்றுதான் சொல்லும்.

தவில்விரல்:
டிரம்ஸ் பக்கம் யாரும் வரக் காணோமே. டி-பீட்டுன்னு பேரை மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா எப்படி?

ஒரு சுற்றை எட்டா வெட்டுங்க. கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்) 1, 4, 6-ல. ஸ்னேர் (குச்சியால அடிக்கிற சின்ன டிரம்) 3, 7-ல. 2, 5, 8-ல கிக்கும் இல்லை ஸ்னேரும் இல்லை. வாயில சொன்னா: டும் – டக் டும் – டும் டக் –. நடுவுல அந்த ரெண்டு 'டும்'மும் ஸ்னேருக்கு முன்னாடி பின்னாடி தள்ளி விழுறதாலதான் வண்டி முன்னாடி சாய்ஞ்சு ஓடுற மாதிரி இருக்கு. புதுசா வாசிக்கிறவங்க செய்ற தப்பு, வேகம் ஏறினதும் 6-ஆவது இடத்துக் கிக்கை விட்டுடுறது. அதை விட்டா சாதாரண ராக் தாளம் மாதிரி ஆயிடும், ஓட்டம் செத்துப்போகும்.

பிளாஸ்ட் பீட்ல (கிக்கும் ஸ்னேரும் இடைவெளியே இல்லாம பொழியுற தாளம்) கிட்டார் எவ்வளவு நுணுக்கமா இருந்தாலும் சுவர் மாதிரிதான் கேக்கும். டி-பீட்ல ரிஃப்புக்கு மூச்சு விட இடம் இருக்கு. டிஸ்மெம்பரோட 1991 ஆல்பத்தை இந்தக் காதோட கேளுங்க. ஃபிரெட் எஸ்ட்பி எங்கெல்லாம் டி-பீட்டுக்குப் போறாரோ, அங்கெல்லாம் கிட்டார்ல மெட்டு தலை தூக்கும்.

மணல்மேடை:
சரி, ஆண்டுக் கணக்குல தோத்தேன். ஆனா பாத்தரியை விட்டுட்டீங்களே. ஸ்டாக்ஹோம்காரங்கதானே? 1984-லயே முதல் ஆல்பம்.

பழையகேசட்:
விடவில்லை, தள்ளி வைத்தேன். பாத்தரியின் நேரடி வாரிசு டெத் மெட்டல் இல்லை, நார்வேயின் பிளாக் மெட்டல். ஸ்டாக்ஹோம் பையன்களுக்குப் பாத்தரி கொடுத்தது ரிஃப் அல்ல, தைரியம். நம் ஊரிலேயே ஒரு கராஜில் பதிவு செய்து உலகத்துக்கு அனுப்பலாம் என்கிற தைரியம்.

இணைப்புப் பாலம் என்று ஒன்று வேண்டுமானால் மார்பிட் என்ற குழுவைச் சொல்லுங்கள் (ஃபுளோரிடாவின் மார்பிட் ஏஞ்சல் வேறு). 1987 டிசம்பரில் டெமோ பதிவு செய்தார்கள். பாடியவர் டெட் என்ற பெயரில் பிறகு நார்வேயின் பிளாக் மெட்டல் குழுவான மேஹெமுக்குப் போனார். டிரம்ஸ் வாசித்த எல்.ஜி. பெட்ரோவும் கிட்டார் வாசித்த உஃபே செடர்லுண்டும் நைஹிலிஸ்ட் பக்கம் வந்தார்கள். ஒரே டெமோவில் இருந்து இரண்டு நாட்டின் இரண்டு வகை இசைக்கு ஆள் போயிருக்கிறது. பெட்ரோவ் டிரம்ஸை விட்டு மைக்கைப் பிடித்ததால்தான் அந்தக் குரல் நமக்குக் கிடைத்தது.

பெடல் இங்கேதான் கதைக்குள் வருகிறது. நைஹிலிஸ்டில் லெஃபே குஸ்னர் என்ற கிட்டார்காரர்தான் எச்எம்-2-வை எல்லை வரை திறந்து வாசித்தவர் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். குடும்பத்தோடு கனடா போய்விட்டார், 2006-ல் இறந்தார். என்டூம்டின் முதல் ஆல்ப அட்டையில் அவர் இல்லை, சத்தம் இருக்கிறது. 1989-ல் நைஹிலிஸ்ட் கலைந்து, சில நாளிலேயே பெரும்பாலும் அதே ஆட்களோடு என்டூம்ட் ஆனது. அந்தக் கலைப்பில் வெளியே நின்ற ஜானி ஹெட்லுண்ட் அன்லீஷ்டைத் தொடங்கினார். என்டூம்ட் அந்த டிசம்பரிலேயே தோமஸ் ஸ்கூக்ஸ்பெர்கின் சன்லைட் ஸ்டுடியோவில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த முதல் ஆல்பம் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' 1990 ஜூனில் இங்கிலாந்தின் இயரேக் கம்பெனி வழியாக வெளிவந்தது.

ரீவெர்ப்_ராசு:
ஆக சன்லைட் + எச்எம்-2 = ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல். கார்னேஜ், கிரேவ், அன்லீஷ்ட், டிஸ்மெம்பர் எல்லாம் அதே ஃபார்முலா.

பழையகேசட்:
பட்டியலில் ஒரு கல் இருக்கிறது, ராசு. அன்லீஷ்டின் முதல் ஆல்பம் சன்லைட்டில் பதிவாகவில்லை. ஜெர்மனியின் டார்ட்முண்டில், உட்ஹவுஸ் ஸ்டுடியோவில் பதிவானது. கேட்டாலே தெரியும், ரம்பம் கிடையாது. ஆனாலும் அது ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல்தான்: தாளம், ரிஃப் வைக்கும் முறை எல்லாம் அதே மண். இன்னொன்று, கிரேவ் ஸ்டாக்ஹோமே இல்லை. காட்லாந்து தீவின் விஸ்பி ஊர்க்காரர்கள்.

திருப்பியும் பாருங்கள். நார்வேயின் டார்க்த்ரோன் முதல் ஆல்பத்தை சன்லைட்டில்தான் பதிவு செய்தார்கள். பின்லாந்தின் அமார்பிஸும் அங்கேதான். அதனால் டார்க்த்ரோனை ஸ்டாக்ஹோம் குழு என்று யாரும் சொல்வதில்லை. ஸ்டுடியோ முகவரியை வைத்து இசைக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதக்கூடாது.

ஈயப்பற்று:
பெடலுக்கும் டியூனிங்குக்கும் உள்ள முடிச்சை யாரும் அவுக்கலை. என்டூம்டும் டிஸ்மெம்பரும் ஆறு கம்பியையும் பி வரைக்கும் இறக்கி வாசிச்சவங்க, அதாவது வழக்கமான இ-யில இருந்து அஞ்சு அரைச்சுரம் கீழே. அடிக் கம்பி 61.7 ஹெர்ட்ஸ். அதுமேல பவர் கார்டு பிடிச்சா நடுச்சுரம் எஃப் ஷார்ப், 92.5 ஹெர்ட்ஸ். எச்எம்-2 தூக்குற 87 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே இருக்கு பாருங்க. அதனால அடிச்சுரத்தைவிட அந்தப் பஞ்சமம்தான் முதல்ல வயித்துல குத்தும். இ டியூனிங்ல அதே கார்டு 82.4-லயும் 123.5-லயும் நிக்கும். பெடல் தூக்குறது அடிச்சுரத்தை, சத்தம் உருண்டையா வரும். 'பெடல் இருக்கு, ஆனா அந்த அழுக்கு இல்லை'ன்னு புலம்புறவங்கள்ல பாதிப் பேர் இ-யிலயே வாசிக்கிறவங்கதான்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியது இழுவிசை. அதே கம்பியை இ-யில இருந்து பி-க்கு இறக்கினா இழுவிசை 56 சதவீதமா விழுது. 9–42 செட்டை (கம்பித் தடிமன், அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு) அப்படியே வச்சுக்கிட்டா கம்பி துணி காயப்போட்ட கயிறு மாதிரி ஆடும். ஒவ்வொரு அடியிலயும் சுரம் முதல்ல மேல போய் அப்புறம் இறங்கும். டிஸ்டார்ஷன்ல அது அபஸ்வரமாத்தான் கேக்கும். 25.5 அங்குல ஸ்கேல் (அதிர்ற கம்பியோட நீளம்) கிட்டார்னா அடிக் கம்பி 60 அல்லது 62 போடுங்க. லெஸ் பால் மாதிரி 24.75 அங்குலம்னா அதுக்குக் குறையாதீங்க.

தடிச்ச கம்பி பழைய நட் (கிட்டார் கழுத்தோட தலைப்பக்கம் கம்பி உக்காருற பட்டை) பள்ளத்துல உக்காராது, மேலேயே நிக்கும். பள்ளத்தை ஃபைல் வச்சு அகலப்படுத்தணும், ஆழப்படுத்தக் கூடாது. ஆழம் போயிட்டா திறந்த கம்பி முதல் ஃப்ரெட்ல உரசும், அப்புறம் நட்டையே மாத்த வேண்டியதுதான். அடுத்து, பிரிட்ஜ் சேடிலைப் பின்னாடி தள்ளி 12-ஆவது ஃப்ரெட் சுரத்தைச் சரி பாருங்க. பி-யில சேடில் கடைசி வரைக்கும் போயும் சுரம் சேரலேன்னா கம்பி அளவுக்கு மீறித் தடிமன்னு அர்த்தம்.

கோடைக்காது:
கேபினட் இம்பல்ஸ் போட்டதும் தேனீ போய்விட்டது, நன்றி. டியூனிங்கும் பி. ஆனால் சத்தம் இன்னும் சோகையாக இருக்கிறது. பெடல் விளக்கு மங்கலாக எரிகிறது. ஜப்பானில் செய்த பழையது. 9 வோல்ட் அடாப்டர்தான்.

ஈயப்பற்று:
விளக்கு மங்கல்னு முதல் பதிவுலயே சொல்லியிருந்தா இவ்வளவு பேசியிருக்க வேண்டாம்! பெடலோட லேபிளைப் பாருங்க. ஏசிஏ அடாப்டர்னு போட்டிருக்கா? பழைய பாஸ் பெடல் பல, அந்த ஏசிஏ அடாப்டரோட கூடின வோல்ட்டுக்காகவே செஞ்சது. வரும் மின்சாரத்தைக் குறைக்க உள்ளேயே ரெசிஸ்டர் வச்சிருப்பாங்க. இப்போ கடையில கிடைக்கிறது சீரான 9 வோல்ட், பிஎஸ்ஏ வகை. அதைக் கொடுத்தா உள்ளே போறதுக்குள்ள மேலும் குறைஞ்சு, விளக்கு மங்கி, கெயின் சோர்ந்து போகும்.

சோதிக்கச் சுலப வழி: அடாப்டரைக் கழட்டிட்டு புது 9 வோல்ட் பேட்டரி போடுங்க. பேட்டரி அந்த ரெசிஸ்டர் வழியாப் போகாது. சத்தம் நிமிர்ந்தா அதான் காரணம். இன்புட் ஜாக்குல வயர் செருகியிருக்கிற வரைக்கும் பேட்டரி செலவாகிட்டே இருக்கும், வாசிச்சு முடிஞ்சதும் உருவிடுங்க.

நிரந்தரத் தீர்வுக்கு ஏசிஏவுக்குப் பொருத்தமான அடாப்டர் வாங்குங்க. இல்லேன்னா ஒரே அடாப்டரைப் பல பெடலுக்குப் பிரிக்கிற டெய்சி செயின் வயர்ல பிஎஸ்ஏ வகைப் பெடல் இன்னொண்ணோட சேர்த்து ஓட்டுங்க. ரெண்டு பெடலுக்கும் நடுவுல இருக்கிற பேட்ச் வயரோட கிரவுண்ட் வழியா மின்சாரம் திரும்பிப் போறதால அந்த ரெசிஸ்டர் ஓரங்கட்டப்படும். அவுட்லெட் தனித்தனியாப் பிரிச்ச பவர் சப்ளைல இந்த வித்தை நடக்காது.

ரீவெர்ப்_ராசு:
புதுசா வாங்கினா எது? பழசு விலை யானை விலையா இருக்கே.

ஈயப்பற்று:
1991-ல உற்பத்தியை நிறுத்தினாங்க, அப்போ கேட்பாரில்லை. இந்தச் சத்தம் திரும்பப் பிரபலமானதும் விலை ஏறிடுச்சு. 2021-ல பாஸே எச்எம்-2டபிள்யூன்னு மறுபடி கொண்டு வந்தாங்க, பழைய சத்தத்துக்கு ஒரு மோடு, கூடுதல் கெயினுக்கு இன்னொரு மோடு. காசு கம்மின்னா பெஹ்ரிங்கரோட எச்எம்300. சத்தம் கிட்டத்தட்ட வரும், பெட்டி பிளாஸ்டிக், மேடையில மிதிச்சு ஆடாதீங்க.

இரைச்சலுக்கும் வழி பண்ணிக்கோங்க. முழு டிஸ்டார்ஷன்ல கையை எடுத்தாலே 'ஸ்ஸ்ஸ்'னு அருவி கொட்டும். பாஸ் என்எஸ்-2 மாதிரி சென்ட்-ரிட்டர்ன் உள்ள கேட் (வாசிக்காதப்போ இரைச்சலை அடைக்கிற பெடல்) இருந்தா எச்எம்-2-வை அந்த வளையத்துக்குள்ள மாட்டுங்க. கேட் கதவைத் திறக்கலாமா மூடலாமான்னு சுத்தமான கிட்டார் சிக்னலைப் பார்த்து முடிவு பண்ணும், பெடலோட இரைச்சலைப் பார்த்து ஏமாறாது. பெடலுக்குப் பின்னாடி வரிசையா வச்சா, மெதுவா அணையுற கார்டோட வாலைக் கத்தரிச்சிடும். ஆட்டாப்ஸி மாதிரி இழுக்கிற இடத்துல அது அசிங்கம்.

தவில்விரல்:
பதிவு பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே டேக்கை காப்பி பண்ணி இடது வலதுல போட்டு ஒண்ணை லேசா நகர்த்துறாங்க. அகலமாயிட்ட மாதிரி தோணும், மோனோவுல கேட்டா சத்தம் குழாய்க்குள்ள போயிடும். ரெண்டு தடவை வாசிங்க. கையோட சின்னச் சின்ன வித்தியாசம்தான் அந்தச் சுவரைக் கட்டுது. 1 கிலோஹெர்ட்ஸ்ல கிட்டார் உக்காந்திருக்கிறதால ஸ்னேரோட 'டக்'கும் குரலும் அங்கேயே முட்டிக்கும். கிட்டாரை வெட்டினா ரம்பம் போயிடும். ஸ்னேர்ல 200 பக்கத்து உடம்பையும் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து விளிம்பையும் ஏத்துங்க, நடுவைக் கிட்டாருக்கு விட்டுக்கொடுங்க. கிட்டார்ல பள்ளம் விழுந்த 200–500-ல பேஸ் கிட்டாரைக் கொஞ்சம் உறும விட்டா ஓட்டை அடையும்.

பழையகேசட்:
பேஸ் உறுமல் என்றதும் மறுபடி ரிபல்ஷன்தான் நினைவுக்கு வருகிறது. கார்னேஜின் ஆல்பம் வந்த நெக்ரோசிஸ் லேபிள்தான் ரிபல்ஷனையும் வெளியிட்டது. இங்கிலாந்தின் கார்காஸ் குழுக்காரர்கள் நடத்தியது. கார்னேஜில் இருந்த மைக்கேல் அமாட் பிறகு கார்காஸுக்கே போனார். மிச்சமிருந்தவர்களில் மூவர், எஸ்ட்பி, டேவிட் பிளம்க்விஸ்ட், மட்டி கார்கி, டிஸ்மெம்பரை மறுபடி எழுப்பினார்கள். அவ்வளவு சின்ன உலகம் அது.

அந்த உலகத்தின் நரம்பு தபால்தான். ஒரு டெமோவை நகலெடுத்து ஐந்து பேருக்கு அனுப்பினால் அவர்கள் ஆளுக்கு ஐந்து. ஸ்டாம்ப் மேல் பசையோ சோப்போ தடவி அனுப்புவார்கள். பெறுபவர் ஸ்டாம்பைத் திருப்பி அனுப்பினால், முத்திரை மையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டலாம். ஒவ்வொரு நகலிலும் மேல்ச்சத்தம் கொஞ்சம் கரையும், இரைச்சல் கொஞ்சம் கூடும். ஐந்தாம் ஆறாம் நகலாக ஸ்டாக்ஹோம் வந்து சேர்ந்த ஓர் அமெரிக்க டெமோ, பதிவானதைவிட அழுக்காகத்தான் ஒலித்திருக்கும். கேட்டவர்கள் நகலெடுத்தது அந்த அழுக்கையும் சேர்த்துத்தான் என்பது என் கட்சி.

வாசிக்க இடம் கிடைத்ததும் முக்கியம். ஸ்வீடனில் ஊராட்சிகளின் இசைப் பள்ளி, இளைஞர் மன்றம், அரசு மானியம் பெறும் கல்விச் சங்கங்கள் வழியாகப் பதின்ம வயதுக் குழுக்களுக்கு ஒத்திகை அறையே கிடைத்தது. வரிப்பணத்தில் வளர்ந்த பிணவாடை இசை என்று கிண்டல் செய்யலாம். ஆனால் நிஜம்.

மணல்மேடை:
ஒரு ஆல்பத்துல முடிஞ்சு போன பாணின்னு சொல்றாங்களே?

பழையகேசட்:
முடியவில்லை, உருமாறியது. என்டூம்டே 1993-ல் 'வுல்வரின் புளூஸ்' ஆல்பத்தில் தாளத்தை ராக் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2010-ல் கலிபோர்னியாவின் நெய்ல்ஸ் குழு எச்எம்-2-வை ஹார்ட்கோர் பங்கோடு சேர்த்தது. பங்கில் கிளம்பிய தாளம், ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு பங்குக்கே திரும்பிவிட்டது.

கோடைக்காது:
லேபிளில் ஏசிஏ என்றுதான் இருக்கிறது. பேட்டரி போட்டதும் விளக்கு பளிச். சத்தமும் நிமிர்ந்துவிட்டது. ஆனால் கலர் மிக்ஸில் ஒன்றைத் திருகினால் மற்றதும் கூடவே வருகிறது.

ஈயப்பற்று:
நாலும் கடைசிக்குப் போயாச்சுன்னா வரட்டுமே, இனிமே அதைத் தொடவா போறீங்க?